வீட்டு கராஜில் 92 கோடி ரூபாய் காரின் 'நகல்'... ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் காரை எப்படிக் கட்டுகிறார்கள்? ஓட்ட அனுமதி உண்டா? முழு விளக்கம்

2016 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மாண்டரேயில் நடந்த ஏலத்தில் ஒரு பழைய டூ சீட்டர் கார் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்பனையானது. அன்றைய மதிப்பில் நம்ம காசுக்கு சுமார் 92 கோடி ரூபாய். அதுதான் உலகின் முதல் ஷெல்பி கோப்ரா. 'சிஎஸ்எக்ஸ் 2000' என்பது அதன் சேசிஸ் எண்.

அச்சு அசலாக அதே தோற்றம் கொண்ட கார்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் கட்டியது கார் கம்பெனி கிடையாது. வார இறுதி நாட்களில் வீட்டு கராஜில் ஸ்பேனரோடு உட்கார்ந்த சாதாரண மனிதர்கள்! நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் முறையாக வாங்கித்தான் அவர்கள் ஓட்டுகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, 'பழைய ஸ்விஃப்டை லம்போர்கினியா மாத்தலாமா?' என்று நம்ம ஊர் இளைஞர்களும் கேட்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் ரோட்டில் ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. வீட்டில் கட்டும் ரெப்ளிகா கார் என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் அது 'போலி' ஆகிறது, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது... ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சில வார்த்தைகள்

* கிட் கார்: காரின் உதிரி பாகங்களை ஒரு நிறுவனம் பெட்டி பெட்டியாக விற்கும். வாங்குபவர் அதைத் தானே பூட்டி முழு காராக்க வேண்டும்.
* ரெப்ளிகா: புகழ்பெற்ற பழைய கார் ஒன்றின் தோற்றத்தில் புதிதாகச் செய்யப்படும் கார். கிட் ஆகவும் வரும், முழுதாகக் கட்டிய காராகவும் வரும்.
* டோனர் கார்: எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் போன்றவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்வதற்காக வாங்கும் பழைய கார். நம்ம பாஷையில் சொன்னால், காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி.
* போலி: ரெப்ளிகாவை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது, அல்லது வேறு கம்பெனியின் பெயரையும் லோகோவையும் ஒட்டி வியாபாரம் செய்வது.

கடைசி இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்த விஷயத்தில் எல்லா சட்டச் சிக்கலுக்கும் காரணம். அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் எல்லோரும் கோப்ராவையே கட்டுகிறார்கள்?

உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட கார்களின் பட்டியலில் கோப்ராவுக்கு எப்போதும் முன்வரிசை இடம் உண்டு. 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்தவர்களுக்கு கரோல் ஷெல்பியைத் தெரிந்திருக்கும். மேட் டேமன் நடித்தாரே, அவர்தான். 1959-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் காரை ஓட்டி ஜெயித்தவர். இதய நோயால் பந்தயத்தை விட்டவர், அடுத்து சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய ஆசைப்பட்டார். ஆனால் அவரிடம் தொழிற்சாலை கிடையாது.

அந்த நேரத்தில் இங்கிலாந்தின் ஏசி கார்ஸ் நிறுவனம் 'ஏஸ்' என்ற சின்ன, அழகான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு எஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் அந்த எஞ்சின் தயாரிப்பை நிறுத்தியது. பாடி இருக்கு, எஞ்சின் இல்லை! ஷெல்பி 1961-ல் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டார்: உங்கள் காரில் அமெரிக்க வி8 எஞ்சின் வைக்கலாமா? இன்னொரு பக்கம், ஃபோர்டு நிறுவனம் எடை குறைந்த புது வி8 எஞ்சினைத் தயாரித்திருந்தது. இரண்டு பக்கமும் பேசி முடித்தார்.

1962 பிப்ரவரியில், எஞ்சின் இல்லாத முதல் கார் கலிஃபோர்னியா வந்தது. நண்பர் டீன் மூனின் பட்டறையில் வைத்து, ஒரு நாளுக்குள் எஞ்சினைப் பூட்டி ஓட்டியும் பார்த்துவிட்டார்கள். இருந்தது ஒரே ஒரு கார். பத்திரிகைகளுக்கு டெஸ்ட் டிரைவ் கொடுக்கும்போது வேறு வேறு கலர் பெயின்ட் அடித்துக் கொடுத்து, நிறைய கார்கள் தயாராகிவிட்டது போலக் காட்டினார்கள் என்பது பிரபலமான கதை.

ஆக, ஒரிஜினல் கோப்ராவே ஒரு நாட்டின் பாடியில் இன்னொரு நாட்டின் எஞ்சினை நண்பரின் பட்டறையில் வைத்துப் பூட்டிய கார்தான். 1960-களில் மொத்தம் ஆயிரம் கார்கள் அளவுக்குத்தான் தயாராகின. அதனால் இன்று ஒரிஜினலின் விலை கோடிகளில் இருக்கிறது. வடிவம் எளிமையானது, உள்ளே ஃபோர்டு எஞ்சின், அந்த எஞ்சினுக்கு அமெரிக்காவில் எங்கும் ஸ்பேர் கிடைக்கும். நகலெடுக்க இதைவிடத் தோதான கார் வேறு என்ன வேண்டும்?

இன்னொரு சுவாரசியம்: 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தில் வரும் கோப்ரா, ஜிடி40 கார்களில் பல, சூப்பர்ஃபார்மன்ஸ் என்ற நிறுவனத்தின் ரெப்ளிகாக்கள். கோடிக்கணக்கில் விலை போகும் ஒரிஜினலை யார் ஷூட்டிங்குக்கு விட்டு இடிக்கச் சொல்வார்கள்?

வீட்டில் கார் கட்டும் பழக்கம் எப்படி வந்தது?

வரியால்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் புது கார் வாங்கினால் 'பர்சேஸ் டாக்ஸ்' என்ற வரி கட்ட வேண்டும். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. இந்த ஓட்டையைச் சரியாகப் பயன்படுத்தியவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மேன். 1957-ல் வந்த 'லோட்டஸ் செவன்' காரை கிட் ஆகவும் விற்றார். மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆன சட்டம், மேலே அலுமினியத் தகடு, இரண்டு சீட், கதவுகூட இல்லாத கார் அது.

வரிவிலக்கு வேண்டுமானால் கிட்டோடு 'எப்படிப் பூட்டுவது' என்ற கையேடு தரக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் 'எப்படிக் கழற்றுவது' என்ற கையேட்டைக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் பின்பற்றச் சொன்னார்கள் என்று கார் ரசிகர்கள் இன்றும் சிரிப்போடு சொல்வதுண்டு.

1973-ல் 'வாட்' வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. லோட்டஸும் செவன் காரைக் கைவிட்டது. உரிமையை வாங்கிக்கொண்ட கேட்டர்ஹாம் நிறுவனம், இன்றுவரை அதே தோற்றத்தில் 'செவன்' காரை விற்கிறது. வரிச் சலுகை போய் 50 ஆண்டுகள் ஆன பிறகும், 'நானே பூட்டிக்கிறேன், பெட்டியில அனுப்புங்க' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொடங்கி வைத்தது வரி. தொடர வைத்தது ஆசை.

பெட்டியில் என்னவெல்லாம் வரும்?

அமெரிக்காவில் இந்தத் துறையின் முக்கியமான பெயர் ஃபேக்டரி ஃபைவ் ரேசிங். மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வேர்ஹாம் ஊரில், 1995-ல் ஸ்மித் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். கோப்ரா தோற்றத்தில் அவர்கள் விற்கும் கிட்டின் பெயர் 'எம்கே4 ரோட்ஸ்டர்'. பெயரில் கோப்ரா இல்லாததைக் கவனியுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இதுபோன்ற கிட்டில் பொதுவாக வருபவை:

* வெல்டிங் முடிந்த இரும்புக் குழாய் சேசிஸ். உயிர் காக்கும் பாகம் இது என்பதால் வாங்குபவரிடம் வெல்டிங் வேலையை விடுவதில்லை.
* ஃபைபர் கிளாஸ் பாடி. ஒரிஜினலில் இது கையால் தட்டிச் செய்த அலுமினியம்.
* அளவெடுத்து வெட்டிய அலுமினியத் தகடுகள். கால் வைக்கும் இடம், டிரங்க் எல்லாம் இதில்தான் அமையும்.
* ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்கள், வயரிங் கட்டு, சீட், லைட், மீட்டர்கள்.

வராதவை: எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், சக்கரம், டயர், பெயின்ட். முதல் மூன்றையும் பழைய ஃபோர்டு மஸ்டங் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்வது சிக்கனமான வழி. கையில் காசு இருப்பவர்கள் புது எஞ்சினைப் பெட்டியோடு வாங்கிக்கொள்வார்கள்.

இங்கேதான் பலருக்கும் கணக்கு உதைக்கும். விளம்பரத்தில் இருப்பது கிட் விலை. எஞ்சின், கியர்பாக்ஸ், டயர், பெயின்ட், பதிவு, கருவிகள் எல்லாம் சேர்ந்தால் அதைப் போல இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே போய் நிற்கும். காசு தீர்ந்ததால் அல்லது பொறுமை தீர்ந்ததால் பாதியில் நின்றுபோய் விற்பனைக்கு வரும் கிட்கள் ஏராளம்.

எப்படிக் கட்டுகிறார்கள்? படிப்படியாக...

1. எண்ணுவது: முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது கிடையாது. லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து நட்டு, போல்ட் வரை எண்ணிச் சரிபார்ப்பது. பிறகு பாடியை சேசிஸிலிருந்து தூக்கித் தனியே வைத்துவிடுவார்கள். அது திரும்ப வர மாதங்கள் ஆகலாம்.

2. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்: முன்பக்கம், பின்பக்கம் என்று கைகள், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பூட்டப்படும். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. அதற்கான 'டார்க் ரென்ச்' இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. இறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். பின்னாளில் போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. பிரேக், பெட்ரோல் லைன்: இரும்புக் குழாயை வளைத்து, எஞ்சின் சூடு படாத வழியாகக் கொண்டுபோய், சேசிஸோடு கிளிப் போட வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றுவது, அதாவது 'ஏர் எடுப்பது', முக்கியம். கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

4. எஞ்சின்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பூட்டி, செயின் பிளாக் அல்லது கிரேனில் தூக்கி மெல்ல இறக்குவார்கள். ஆள் துணை இல்லாமல் செய்யவே கூடாத வேலை இது.

5. வயரிங்: பலரையும் தடுமாற வைக்கும் கட்டம். சாதாரண காரில் இரும்பு பாடியே 'எர்த்' வேலையைச் செய்துவிடும். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது. எனவே ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மினுக்குகிறது என்றால் பெரும்பாலும் பிரச்னை இங்கேதான்.

6. 'கோ-கார்ட்' நாள்: பாடி இல்லாமல், வெறும் சேசிஸ், எஞ்சின், சீட்டோடு வண்டியை முதன்முறையாக உயிர்ப்பித்து வீட்டு வளாகத்துக்குள் மெதுவாக உருட்டிப் பார்ப்பார்கள். கட்டுபவர்கள் இதை 'கோ-கார்ட்' கட்டம் என்கிறார்கள். பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம். கொண்டாட்டம் ஒரு பக்கம் இருந்தாலும், லீக், உரசல், வித்தியாசமான சத்தம் எல்லாம் இப்போதே தெரிந்துவிடும். பாடி ஏறிய பிறகு தெரிந்தால் வேலை பத்து மடங்கு.

7. பாடி, பெயின்ட்: அச்சில் வார்த்த ஃபைபர் கிளாஸில் இணைப்புக் கோடுகள் தெரியும். அவற்றைத் தேய்த்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு மறுபடி தேய்த்து... நம்ம ஊர் டிங்கரிங் கடையில் பார்க்கும் அதே வேலைதான். கதவு, பானட் இடைவெளி எல்லா பக்கமும் ஒரே அளவில் வரவைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

8. மறுபடி முதலிலிருந்து: முதல் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டு போல்ட்டையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய எந்த வண்டியும் ஓட ஓடத்தான் 'அமரும்'.

சில நூறு மணி நேரத்தில் முடிக்கலாம் என்று நிறுவனங்கள் சொல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டுபவருக்கு ஒன்றிரண்டு வருடம் என்பது சர்வ சாதாரணம்.

ஓட்டினால் எப்படி இருக்கும்?

கோப்ராவின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 90 அங்குலம். சுமார் 2,286 மில்லிமீட்டர். நம்ம மாருதி ஸ்விஃப்டின் வீல்பேஸ் 2,450 மில்லிமீட்டர். ஸ்விஃப்டைவிடக் குட்டி அடித்தளம், ஏறக்குறைய ஒரு டன் எடை... அதில் 300, 400 குதிரைத்திறன் எஞ்சின்! ஸ்விஃப்டில் இருப்பது 80-ஐ ஒட்டித்தான்.

வீல்பேஸ் குறைவு, சக்தி அதிகம் என்றால், வளைவில் ஆக்சிலரேட்டரை அவசரமாக மிதித்ததும் பின்பக்கம் சட்டென்று சுழலும். இன்றைய கார்களில் அதைத் தடுக்க எலெக்ட்ரானிக் உதவிகள் உண்டு. இந்த கிட் கார்களில் பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லை, டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லை, ஏர்பேக் இல்லை. மழையிலும், டயர் சூடாகாத குளிர் காலையிலும் வலது கால் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கம்பெனி காரை ஓட்டிப் பழகியவர் அதே தைரியத்தில் இதை ஓட்டினால் ஆபத்து.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. எஞ்சின் சூடு கால் வைக்கும் இடத்தில் அப்படியே இறங்கும். சைலென்சர் குழாய் கதவுக்குக் கீழே, காரின் பக்கவாட்டில் ஓடுகிறது. ஓட்டிவிட்டு அவசரமாக இறங்கினால் கெண்டைக்கால் அதில் பட்டுச் சுட்டுவிடும். அந்தத் தழும்புக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'பாம்புக்கடி'. கோப்ரா என்றால் நாகப்பாம்பு இல்லையா!

முக்கியமான விஷயம் வேறு. ஒரு கம்பெனி காரில் குறை இருந்தால் 'ரீகால்' வரும், சர்வீஸ் சென்டர் இருக்கும், வழக்குப் போடவும் ஆள் இருக்கும். இங்கே ஸ்டீயரிங் போல்ட்டை இறுக்கியதும் நீங்கள், அதை நம்பி உட்கார்ந்து ஓட்டுவதும் நீங்கள். அப்படியென்றால் பக்கத்து சீட்டில் உட்காருபவரும், எதிரே ரோட்டைக் கடப்பவரும் யாரை நம்புவது? வீட்டுக் கார் விஷயத்தில் ஒவ்வொரு நாடும் பதில் தேடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

பிரிட்டன் என்ன செய்கிறது?

தனி ஒரு காருக்கென்று தனித் தேர்வு வைக்கிறது. 1998-ல் வந்த பழைய முறைக்குப் பதிலாக, 2009 முதல் 'ஐவிஏ' எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனை நடைமுறையில் இருக்கிறது. அரசு ஆய்வாளர் ஒருவர் காரை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்.

* பிரேக் விசை, புகை, சத்தம், லைட், கண்ணாடி, சீட் பெல்ட் பிடிமானம் சரியா?
* ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறதா? காட்டினால் ஃபெயில்.
* ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கையை விட்டால் தானாக நேர் நிலைக்குத் திரும்புகிறதா? வீட்டில் கட்டிய கார்கள் பல முதல் முறை தோற்கும் இடங்களில் ஒன்று இது.
* கூரான முனை எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா? பாதசாரி மீது உரசினால் கிழிக்கக் கூடாது என்பதற்காக, சுவிட்ச் முதல் கண்ணாடித் தண்டு வரை வளைவின் அளவைக்கூடப் பார்ப்பார்கள்.

தோற்றால் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். பாஸ் ஆனால்தான் பதிவு. பழைய பாகங்கள் கலந்து, காரின் வயதை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் கொடுப்பார்கள். பார்த்ததுமே தெரிந்துவிடும், இது கட்டிய வண்டி என்று. மறைக்க வழியில்லை.

அமெரிக்காவில்?

அங்கே பதிவு மாகாணத்தின் கையில். 'தனியாகக் கட்டப்பட்ட வாகனம்' என்று பல மாகாணங்களில் தனிப் பிரிவு உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு சிறப்பு ஏற்பாடு: வருடத்துக்கு முதலில் விண்ணப்பிக்கும் 500 கார்களுக்கு, அந்த கார் எந்த வருட மாடலைப் போல இருக்கிறதோ அந்த வருடத்துப் புகை விதியே பொருந்தும். 1965 கோப்ரா போல இருந்தால் 1965-ன் விதி! இந்த 500 இடங்களுக்குப் போட்டி அதிகம்.

முழுதாகக் கட்டிய ரெப்ளிகாவை நிறுவனங்களே விற்பதற்கு 2015-ல் தனிச் சட்டம் வந்தது. குறைந்தது 25 வருடம் பழமையான கார் ஒன்றின் தோற்றத்தில், வருடத்துக்கு 325 கார்கள் வரை விற்கலாம். எஞ்சின் மட்டும் இன்றைய புகை விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிமுறை வெளிவர 2021 ஆகிவிட்டது.

'போலி' எங்கே தொடங்குகிறது?

1980-களின் பிரபல அமெரிக்க டிவி தொடர் 'மியாமி வைஸ்'. அதில் ஹீரோ ஓட்டிய கறுப்பு ஃபெராரி உண்மையில் செவர்லே கொர்வெட் மீது ஃபைபர் பாடி போட்ட நகல். ஃபெராரிக்குக் கோபம். வழக்கு ஒரு பக்கம் நடக்க, தொடருக்கு ஒரிஜினல் 'டெஸ்டரோசா' கார்களை ஃபெராரி கொடுத்தது. நகல் காரை மூன்றாவது சீசன் தொடக்கத்தில் கதையிலேயே வெடிக்கவைத்துவிட்டார்கள்!

ஃபெராரி தொடர்ந்த இன்னொரு வழக்கில், 1991-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைத் தந்தது. 'என்னிடம் வாங்குபவருக்கு இது ஃபெராரி இல்லை என்று தெரியும், யாரையும் ஏமாற்றவில்லை' என்பது கிட் விற்றவரின் வாதம். வாங்குபவருக்குத் தெரியலாம், ரோட்டில் பார்ப்பவருக்குத் தெரியாதே என்றது நீதிமன்றம். தீர்ப்பு ஃபெராரிக்குச் சாதகமானது.

கரோல் ஷெல்பியும் ஃபேக்டரி ஃபைவ் மீது வழக்குத் தொடர்ந்தார். அது சமரசத்தில் முடிந்தது. 'கோப்ரா' என்ற பெயரைப் போடாமல் 'எம்கே4 ரோட்ஸ்டர்' என்று விற்பதன் பின்னணி இதுதான்.

2019 ஜூலையில் பிரேசிலின் இட்டாஜாய் நகரில் நடந்தது இன்னும் நேரடியானது. ஒரு பட்டறையில் ஃபெராரி, லம்போர்கினி கார்களின் நகல்களை லோகோவோடு தயாரித்து விற்றதாகத் தந்தையும் மகனும் கைதானார்கள். பாதி கட்டிய நிலையில் இருந்த கார்களை போலீஸார் பறிமுதல் செய்தனர்.

சுருக்கமாகச் சொன்னால், ஆசைக்குக் கட்டி, 'இது நான் கட்டிய கார்' என்று ஆவணத்திலேயே எழுதிப் பதிவு செய்தால் ரெப்ளிகா. அடுத்தவர் பெயரைப் போட்டு வியாபாரம் செய்தால் வழக்கு.

இந்தியாவில் கட்டி ஓட்ட முடியுமா?

நேரடி பதில்: பொதுச் சாலையில், இன்றைய சட்டப்படி, நடைமுறையில் முடியாது.

இந்தியாவில் ஒரு வாகன மாடல் விற்பனைக்கு வரும் முன், மத்திய மோட்டார் வாகன விதி 126-ன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மாதிரி வாகனச் சோதனையில் தேற வேண்டும். புனேயில் உள்ள அராய், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்றவை அந்த மையங்கள். ஒரு மாடலை ஆயிரக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார் கட்டும் தனி மனிதருக்கு? பிரிட்டனில் இருப்பது போல வீட்டில் கட்டிய ஒற்றைக் காருக்கான எளிய தேர்வு இங்கே இல்லை.

'சரி, புது கார் கட்டல. ஆர்.சி. இருக்கிற பழைய காரோட பாடியை மட்டும் மாத்துறேன்' என்றால்? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-வின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சிக்கலாவது தனி.

2021 டிசம்பரில் வைரலான மகாராஷ்டிரா சம்பவம் நினைவிருக்கலாம். சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லுப்பட்டறைத் தொழிலாளி ஒருவர், மகனின் ஆசைக்காகப் பழைய பாகங்களை வைத்து, சுமார் 60 ஆயிரம் ரூபாயில் ஒரு குட்டி ஜீப் செய்தார். பைக் போல உதைத்து ஸ்டார்ட் செய்யும் ஜீப்! வீடியோவைப் பார்த்து வியந்த ஆனந்த் மஹிந்திரா, இது விதிகளுக்கு உட்பட்டதில்லை, அதிகாரிகள் என்றைக்காவது தடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு புது பொலிரோ தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் பொலிரோ கைமாறியது. அந்தக் குட்டி ஜீப், செங்கல்பட்டு அருகே மஹிந்திரா சிட்டியில் இருக்கும் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது.

எல்லோரும் கைதட்டிய கதை இது. ஆனால் அந்தக் கைதட்டலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. திறமைக்குப் பரிசு கிடைத்தது, அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடைக்கவில்லை.

அப்போ நம்ம ஊரில் வழியே இல்லையா?

இருக்கிறது, மூன்று வழிகள்.

* கல்லூரி அணி: பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஃபார்முலா பாணி கார்களோடு மோதும் 'ஃபார்முலா பாரத்' போட்டி கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. ஓட்டும் முன் கடும் பரிசோதனை உண்டு. பிரேக் பிடித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாக லாக் ஆக வேண்டும். காரை 60 டிகிரி சாய்த்தால் ஒரு சொட்டு எண்ணெய் கசியக் கூடாது. ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.
* டிராக், தனியார் இடம்: பொதுச் சாலையில் ஓட்டாத வண்டிக்குப் பதிவுச் சிக்கல் இல்லை. டிராக் நிர்வாகத்தின் பாதுகாப்பு விதிகள் மட்டும் பொருந்தும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.
* பழைய காரை மீட்டெடுப்பது: ஆர்.சி. உள்ள பழைய காரை மாற்றாமல், அது இருந்தபடியே மறுபடி உயிர்ப்பிப்பது. 50 வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 2021 முதல் 'வின்டேஜ்' பதிவு முறையும் உள்ளது. தினசரி ஓட்ட அனுமதி கிடையாது என்றாலும், ஸ்பேனர் பிடிக்கும் ஆசைக்கு இதில் முழு வேலை இருக்கிறது.

வீடியோவைப் பார்த்துவிட்டுப் பழைய காரை வெட்டத் தயாராகும் முன், அதே காசை இதில் ஏதாவது ஒன்றில் போடலாமா என்று யோசிப்பது நல்லது. வெட்டிய பிறகு அந்த கார் திரும்ப ஸ்விஃப்டும் ஆகாது, லம்போர்கினியும் ஆகாது. ஆர்.டி.ஓ. கணக்கில் அது எதுவுமே இல்லை.

வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வரும் நாடுகளில் எல்லாம் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கட்டியவர் தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே ஆசைப்பட்டவருக்கு ஒரு தேர்வு இருக்கிறது, தேறினால் ரோடு இருக்கிறது. இங்கே திறமையும் ஆசையும் குறைவில்லை. அப்படி ஒரு தேர்வுதான் இன்னும் வரவில்லை.